செஞ்சியை ஆண்ட ஊர்: விஜயபுராவில் அப்பாவுடன்

வியாழன்

செஞ்சிப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு தேசிங்கு ராஜன் கதை தாலாட்டோடு சேர்ந்து வரும். ஆனால் தேசிங்குக்கும் முன்னால், 1649 முதல் 1677 வரை, அந்தக் கோட்டையில் பறந்த கொடி பிஜாப்பூர் (இன்று கர்நாடகத்தில் உள்ள விஜயபுரா) சுல்தானுடையது. கோட்டைக்கு பாதுஷாபாத் என்று பெயரே மாற்றியிருந்தார்கள். சிவாஜி வந்து பிடித்ததும் அவர்களிடமிருந்துதான். தஞ்சாவூரில் மராட்டிய வம்சம் அமைந்த கதையும் இங்கேதான் தொடங்குகிறது. 1670களில் வெங்கோஜி தஞ்சைக்கு வந்தபோது அவர் பிஜாப்பூர் சுல்தானின் படைத்தலைவர். அவருடைய அப்பா ஷாஜி போன்ஸ்லேவும் அதே சுல்தானிடம்தான் வேலை பார்த்தார். நம் வட மாவட்டங்களின் ஒரு தலைமுறை வரலாறு இந்த ஊரின் தர்பாரில் முடிவானது. அந்த ஊரை ஒருமுறை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

துணைக்கு அப்பா. பொதுப்பணித்துறையில் ஏரி, மதகு, வாய்க்கால் என்றே காலம் கழித்து ஓய்வு பெற்றவர். ஆம்பூர், வேலூர் பக்கம் வேலை பார்த்ததில் தக்கினி உருது அவருக்கு நன்றாகவே வரும். அது இங்கே எவ்வளவு உதவும் என்பது ரயிலடியில் இறங்கிய ஐந்தாவது நிமிடமே தெரிந்துவிட்டது.

பெங்களூரிலிருந்து இரவு ரயில். இந்த ஊரின் பெரிய கும்மட்டக் கல்லறைதான் கோல் கும்பஸ்; ரயிலின் பெயரே கோல் கும்பஸ் எக்ஸ்பிரஸ். விடிந்ததும் ஜன்னலுக்கு வெளியே கரிசல் மண், சோளம், துவரை, நடுநடுவே திராட்சைப் பந்தல். ஊர் நெருங்கும்போது வானத்தின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய அரைவட்டம் எழும்பியது. வேறு எதுவும் அந்த உயரத்துக்கு இல்லை. பெட்டியில் இருந்த கன்னடக் குடும்பம் சிறுபிள்ளையைத் தூக்கிக் காட்டியது. அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "அதுதானா?" என்று மட்டும் கேட்டார்.

2014 நவம்பரில் அரசு பிஜாப்பூர் என்ற பெயரை விஜயபுரா என்று மாற்றியது. ஆட்டோக்காரர்கள் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அறையில் பையைப் போட்டுவிட்டு, மதியம் ஒரு கானாவளியில் சாப்பிட்டோம். நம்மூர் மெஸ் மாதிரியான இடம். ஜோளத ரொட்டி, எண்ணெய்க் கத்தரிக்காய், முளைகட்டிய பயறு, கெட்டித் தயிர், வேர்க்கடலைச் சட்னிப்பொடி. ரொட்டி கேட்கக் கேட்க வந்துகொண்டே இருந்தது. இந்தப் பொடியையும் தயிரையும் குழைத்துத் தொட்டுக்கொள்ள வேண்டும் என்று பரிமாறியவர் அப்பாவுக்குச் செய்தே காட்டினார்.

சாயங்காலம் உள்கோட்டைப் பக்கம் நடந்தோம். ககன் மஹால் 1561இல் பிஜாப்பூர் சுல்தான் முதலாம் அலி ஆதில் ஷா கட்டியது. கூரை போய்விட்டது. முகப்பில் மூன்று வளைவுகள் நிற்கின்றன. நடு வளைவின் அகலம் ஏறத்தாழ 18 மீட்டர். அரசர் உள்ளே மேடையில் உட்கார்ந்திருப்பார், வெளியே மைதானத்தில் கூடியிருக்கும் மக்களுக்கு நேராகத் தெரியும். அதற்காகத்தான் இவ்வளவு பெரிய திறப்பு. 1686 செப்டம்பரில் கடைசி சுல்தான் சிக்கந்தர், ஔரங்கசீப் முன்னால் வெள்ளிச் சங்கிலியோடு கொண்டுவரப்பட்டதும் இதே இடத்தில்தான் என்று சொல்கிறார்கள். சிக்கந்தர் அரியணை ஏறியபோது சின்னக் குழந்தை. தோற்றபோது பதின்வயதைத் தாண்டவில்லை. எனக்கு அந்த வளைவின் கீழே நின்றபோது போர்க்களம் எதுவும் மனதில் வரவில்லை. அந்தப் பையன்தான் வந்தான்.

இப்போது அது பூங்கா. கல்லூரிப் பிள்ளைகள் புல்லில் படிக்கிறார்கள், வேர்க்கடலை விற்கிறது. நடக்கும் தூரத்தில் சாத் மன்ஜில், ஜல மன்ஜில், ஆனந்த மஹால். அரசு அலுவலகங்களும் அரண்மனைச் சுவர்களும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. இருட்டியதும் திரும்பிவிட்டோம்.

வெள்ளி

கோல் கும்பஸுக்கு விடியற்காலையில் போய்விட வேண்டும். இதை நான் சொல்லவில்லை, அறையைக் கூட்டிய அம்மா முதல் ஆட்டோ ஓட்டிய தம்பிவரை எல்லோரும் சொன்னார்கள். பள்ளிக்கூடச் சுற்றுலா வண்டிகள் வந்துவிட்டால் அந்தக் கட்டடத்தைக் கேட்க முடியாது. ஆமாம், அது பார்ப்பதற்கு எவ்வளவோ அவ்வளவு கேட்பதற்கும் உள்ள கட்டடம்.

முகமது ஆதில் ஷா 1627இல் அரியணை ஏறினார், 1656இல் இறந்தார். உயிரோடு இருக்கும்போதே தன் கல்லறையைக் கட்டத் தொடங்கிவிட்டார். கட்டியவர் தாபூலைச் சேர்ந்த யாகூத் என்கிறார்கள். தெற்கு வாசலுக்கு மேலே மூன்று பாரசீக வரிகள் வெட்டியிருக்கின்றன. ஒவ்வொரு வரியின் எழுத்துகளுக்கும் உள்ள எண்களைக் கூட்டினால் ஹிஜ்ரி 1067 வரும். அதுதான் அவர் இறந்த ஆண்டு. மூன்று வரி, மூன்றும் வெவ்வேறு பொருள், மூன்றிலும் அதே ஆண்டு! அதை எழுதிய கவிஞர் எத்தனை ராத்திரி உட்கார்ந்திருப்பார்.

வெளியிலிருந்து பார்த்தால் அமைப்பு எளிமையானது. பக்கத்துக்கு ஏறத்தாழ 47.5 மீட்டர் உள்ள ஒரு கனசதுரம். நான்கு மூலையிலும் ஏழு அடுக்கு எண்கோணக் கோபுரம். மேலே 44 மீட்டர் வெளிவிட்டமுள்ள அரைக்கோளம். அதன் அடியில் சுற்றிலும் தாமரை இதழ்கள். உள்ளே தூணே கிடையாது. ஏறத்தாழ 1,700 சதுர மீட்டர் தரை, ஒரே கூரை. மேடையில் மரவிதானத்தின் கீழே சுல்தானின் கல்லறை. அவருடைய இரண்டு மனைவியர், ரம்பா என்ற நடனப் பெண், மகள், பேரன் ஆகியோருடையவையும் அருகே உள்ளன. மேலே இருப்பவை அடையாளத்துக்கு. உண்மையான கல்லறைகள் தரைக்குக் கீழே நிலவறையில்.

சதுரமான சுவர்மேல் வட்டமான கும்மட்டத்தை எப்படி உட்கார வைத்தார்கள்? அப்பா இதற்காகவே வந்தவர். வாசலில் காலணியைக் கழற்றியதும் நேராக நடுவில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். பத்து நிமிடம் பேசவில்லை. அப்புறம் என்னைக் கூப்பிட்டுக் கையால் காற்றில் வரைந்து காட்டினார்.

"சுவர்லேர்ந்து எட்டு வளைவு எழும்புது பாரும்மா. நாலு ஒரு சதுரம். மிச்சம் நாலு, அதையே திருப்பிப் போட்ட இன்னொரு சதுரம். ரெண்டும் குறுக்கே வெட்டிக்கிது. வெட்டுற எடத்துல நடுவுல ஒரு எண்கோணம் வந்துடுச்சு. எண்கோணத்துமேல வட்டம் வைக்கிறது லேசு."

அதோடு முடியவில்லை. அந்த வளைவுகள் உள்பக்கமாகச் சாய்ந்து நீட்டிக்கொண்டு வருகின்றன. கும்மட்டத்தின் எடை வெளிப்பக்கம் தள்ளும். இந்த நீட்டல்களின் எடை உள்பக்கம் இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்கின்றன. தலையில் சும்மாடு வைத்துத்தானே குடத்தை ஏற்றுவோம், அந்த நட்சத்திர வளையம் இந்தக் கும்மட்டத்துக்குச் சும்மாடு. கும்மட்டமே செங்கல்லும் சுண்ணாம்பும்தான். அடியில் ஏறத்தாழ 3 மீட்டர் கனம். இரும்பில்லை, சிமெண்டில்லை. இந்தியாவில் இதைவிடப் பெரிய பழைய கும்மட்டம் வேறு இல்லை.

மூலைக் கோபுரத்துக்குள் படி. குறுகல், உயரம் ஒன்றுபோல இல்லை, அடுக்குக்கு அடுக்கு ஜன்னலில் காற்று வரும். அப்பாவுக்கு முட்டிவலி உண்டு. ஒவ்வோர் அடுக்கிலும் நின்று, ஊரைப் பார்த்து, மறுபடி ஏறினார். உச்சியில் கும்மட்டத்தைச் சுற்றி வரும் வெளிநடையில் காற்று ஆளைத் தள்ளுகிறது. கிழக்கே வயல்கள், மேற்கே ஊர் முழுக்க மரங்களும் சிறுசிறு கும்மட்டங்களும்.

உள்ளே திரும்பினால் கிசுகிசு மாடம். ஏறத்தாழ 3 மீட்டர் அகலமான வட்டநடை. எதிர்ச்சுவர் 38 மீட்டர் தள்ளி. நான் ஒரு பக்கம் சுவரோரம் உட்கார்ந்தேன், அப்பா நேர் எதிரே போனார். அவர் முகம் கூடச் சரியாகத் தெரியவில்லை. சட்டென்று என் காதுக்குப் பக்கத்தில், "மருந்து சாப்ட்டியாம்மா?" என்று கேட்டது. அவர் சத்தமாகப் பேசவில்லை. சுவரைப் பார்த்து முணுமுணுத்திருக்கிறார். ஒலி வளைந்த சுவரை ஒட்டியே ஓடி வந்து எதிர்ப்பக்கம் சேர்கிறது. ஒருமுறை கைதட்டினால் ஏழு முறை, கூர்ந்து கேட்டால் அதற்கு மேலும், திரும்பி வருகிறது. காவலர் ஒருவர் தாளைக் கிழித்துக் காட்டினார். அந்தச் சின்ன சத்தம் சுற்றிச் சுற்றி வந்து கரைந்தது.

எட்டரை வாக்கில் முதல் பள்ளி வண்டி வந்துவிட்டது. நூறு பிள்ளைகள் ஒரே மூச்சில் கத்தினால் அந்த மாடம் என்ன செய்யும் என்பதையும் கேட்டேன். பிள்ளைகள் கத்தட்டும், அவர்களுக்கு அது மறக்கவே மறக்காது. வளர்ந்தவர்கள் சுவரில் பெயரை ஆணியால் கீறி வைத்திருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. முந்நூற்றைம்பது ஆண்டுப் பூச்சுமேல் கீறிய கோடு இனி அழியாது. அதை எந்தத் துறையும் திரும்பக் கொண்டுவர முடியாது.

கீழே இறங்கியபோது அப்பா சொன்னார்: "செஞ்சிய புடிச்ச வருஷம் என்ன சொன்ன? நாப்பத்தொம்போதா? அப்போ இது பாதி எழும்பியிருக்கும்." அதுவரை எனக்கு அது தோன்றவில்லை. முகமது ஆதில் ஷாவின் படைகள் தெற்கே இறங்கியதும், இந்தச் சுவர் மேலே ஏறியதும் ஒரே காலம். அந்தப் படையெடுப்புகளில் தென்னாட்டுப் பொன் ஏராளமாக வடக்கே போனது. நம் நாயக்கர் கருவூலத்தின் ஒரு பங்கு இந்தச் செங்கல்லுக்குள் இருக்கலாம். கோபமாக வரவில்லை. இனி இது எனக்கு வேற்றூர்க் கட்டடம் இல்லை என்று தோன்றியது, அவ்வளவுதான்.

முகப்பிலுள்ள பழைய நகார்கானா, அதாவது முரசு மண்டபம்தான் இப்போது தொல்லியல் துறை அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை விடுமுறை. வருகிறவர்கள் நாளைப் பார்த்து வாருங்கள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டோம்.

சாயங்காலம் பாரா கமான். முகமதுவின் மகன் இரண்டாம் அலி, அப்பாவுடையதைவிடப் பெரிதாகத் தனக்கு ஒன்று என்று தொடங்கியது. 1672இல் அவர் இறந்தார், வேலை நின்றது. கறுப்புக் கல் வளைவுகள் மட்டும் வரிசையாக, மேலே ஒன்றுமில்லாமல் நிற்கின்றன. வெயில் சாயும்போது போக வேண்டிய இடம். கட்டி முடித்திருந்தால் இவ்வளவு அழகாக இருந்திருக்காது என்பது என் கருத்து. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. வேலையை முடிக்காமல் விட்டதை அவரால் அழகு என்று சொல்ல முடியாது.

சனி

காலையில் மேற்குப் பக்கம். ஊரைச் சுற்றி ஏறத்தாழ 10 கிலோமீட்டர் மதில். முதலாம் அலி காலத்தில் கட்டியது. விஜயநகரத்தை வீழ்த்திய தலைக்கோட்டைப் போர் 1565 ஜனவரியில் நடந்தது; மதிலும் அந்த ஆண்டை ஒட்டித்தான் முடிந்தது.

அந்த மதிலின் ஒரு கொத்தளத்தில் மாலிக்-ஏ-மைதான் பீரங்கி. 1549இல் அகமதுநகரில் முகமது பின் ஹசன் ரூமி என்ற துருக்கியர் வார்த்தது. நீளம் 4.45 மீட்டர், எடை ஏறத்தாழ 55 டன். வாய்ப்பக்கம் சிங்கத்தின் திறந்த வாய், அதன் பற்களுக்கு நடுவே நசுங்கும் யானை. 1632இல் பரண்டா கோட்டையிலிருந்து இங்கே கொண்டுவந்தார்கள். 10 யானை, 400 மாடு, நூற்றுக்கணக்கான ஆட்கள் இழுத்தார்கள் என்று கதை. வெயில் ஏறியிருந்தது, உலோகத்தில் கை வைத்தேன், குளிர்ந்திருந்தது. விரலால் தட்டினால் மணிச்சத்தம். செம்பும் வெள்ளீயமும் கலந்த மணி உலோகம். வெள்ளைக்காரர் காலத்தில், 1854இல், இதைப் பழைய உலோகமாக ஏலம் விட்டு, 150 ரூபாய்க்கு விலையும் கேட்டாயிற்று. நல்லவேளை, அந்த ஏலத்தை ரத்து செய்துவிட்டார்கள்.

அருகில் உப்ளி புருஜ். 1584இல் ஹைதர் கான் கட்டிய 24 மீட்டர் உயரக் காவல் கோபுரம். வெளிப்பக்கமாகச் சுற்றி ஏறும் படி, உச்சியில் 9 மீட்டருக்கு மேல் நீளமான ஒரு பீரங்கி. ஏறினேன், பார்த்தேன், இறங்கினேன். மனது முழுக்க அடுத்த இடத்திலேயே இருந்தது.

இப்ராஹிம் ரௌசா.

இரண்டாம் இப்ராஹிம் ஆதில் ஷா 1580இல், ஒன்பது பத்து வயதில் அரசரானார். 1627 வரை ஆண்டார். இசைப் பித்தர். தக்கினி மொழியில் பாட்டு எழுதினார்; கிதாப்-ஏ-நவ்ரஸ் என்ற அவருடைய தொகுப்பில் சரஸ்வதிக்கும் கணபதிக்கும் வணக்கம் உண்டு, குல்பர்கா சூஃபி பெரியவர் கேசு தராஸுக்கும் உண்டு. தன் தம்பூராவுக்கு மோதி கான் என்று பெயர் வைத்து, அதைப் பாட்டிலேயே கொஞ்சியிருக்கிறார். மக்கள் அவரை ஜகத்குரு என்றார்கள். ஊருக்கு மேற்கே தொர்வியில் இசைக்கென்றே நவ்ரஸ்பூர் என்ற நகரத்தை 1599இல் எழுப்பத் தொடங்கினார். 1624இல் அகமதுநகர் தளபதி மாலிக் அம்பரின் படை வந்து அதை அழித்துவிட்டது.

அந்த மனிதர் அடங்கியிருக்கும் இடம் இது. உயர்ந்த மதிலுக்குள் தோட்டம். நடுவில் ஒரே மேடை. மேடையின் ஒரு பக்கம் கல்லறை மண்டபம், எதிர்ப்பக்கம் மசூதி, நடுவில் தொட்டியும் நீரூற்றும். இரண்டு கட்டடத்துக்கும் மூலைக்கு மூலை ஒல்லியான மினார்கள், மொட்டு விரிகிற கட்டத்தில் உள்ள கும்மட்டம். கோல் கும்பஸில் தலையை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. இங்கே கண்மட்டத்திலேயே எல்லாம் இருக்கிறது. கிட்டே போகப் போக வேலைப்பாடு கூடிக்கொண்டே போகிறது.

கல்லறை அறையின் வெளிச்சுவர் முழுக்க எழுத்து. அரபு எழுத்துகள் கல்லில் கொடியாகப் படர்ந்து, பின்னி, சதுரத்துக்குள்ளும் வட்டத்துக்குள்ளும் அடங்கி நிற்கின்றன. ஜன்னல்களில் அந்த எழுத்தையே சல்லடையாக்கி வைத்திருக்கிறார்கள். எழுத்தைச் சுற்றியுள்ள கல்லை வெட்டி எடுத்துவிட்டு எழுத்தை மட்டும் நிற்கவிட்ட வேலை. உள்ளே போய்ப் பார்த்தால் வெளிச்சம் அந்த எழுத்துகளுக்கு இடையே புகுந்து வருகிறது. ஒரு ஜன்னல் முன்னால் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சிற்பியின் உளி ஒரு இடத்தில் வழுக்கியிருந்தால் வரி முழுதும் போயிருக்கும். எங்கும் வழுக்கவில்லை.

அப்பா உள்ளே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறை 12 மீட்டர் சதுரம். சுவரிலிருந்து கூரை கொஞ்சம் வளைந்து உள்ளே வருகிறது, அப்புறம் நடுவில் தட்டையாகிவிடுகிறது. அந்தத் தட்டையான கற்பலகைகளுக்குக் கீழே உத்தரம் இல்லை, தூண் இல்லை. ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு அந்தரத்தில் கிடக்கின்றன.

"எதுப்பா இத தாங்குது?"

"சுண்ணாம்புதாம்மா. வேற என்ன. நல்லாப் புளிக்க வெச்சு அரைச்ச சுண்ணாம்பு கல்லோட கல்லாப் போயிடும். இப்ப யாரு அதுக்குக் காத்திருக்கா."

கட்டியவர் மாலிக் சந்தல் என்று கல்வெட்டே சொல்கிறது. அரசி தாஜ் சுல்தானாவுக்கென்று தொடங்கியதில், அரசர்தான் முதலில் அடங்கினார். அரசி பின்னால் வந்தார். அரசரின் தாய், மகள், இரண்டு மகன்கள் என்று உள்ளே மொத்தம் ஆறு கல்லறைகள்.

எதிரே மசூதியின் தாழ்வாரத்தில் கல் சங்கிலிகள். ஒரே கல்லில் கண்ணி கண்ணியாகச் செதுக்கி, தொங்கவிட்டிருக்கிறார்கள். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில் இதே வேலையைப் பார்த்திருக்கிறோம். அப்பாவுக்கும் அதுதான் உடனே ஞாபகம் வந்தது. மதமும் அரசும் எங்கெங்கோ இருக்கட்டும், கல்தச்சனுக்குக் கல்லிடம் கேட்கத் தோன்றியது ஒன்றுதான்.

தாஜ்மஹாலுக்கு இதுதான் முன்மாதிரி என்று இங்கே எல்லா வழிகாட்டிகளும் சொல்கிறார்கள். அந்தப் பேச்சு இந்த இடத்துக்குத் தேவையே இல்லை. பெரும்பாலான பயணிகள் பிஜாப்பூரில் மூன்று மணி நேரம் ஒதுக்கி, கோல் கும்பஸில் கத்திவிட்டு, பாதாமிக்கோ ஹம்பிக்கோ வண்டி ஏறிவிடுகிறார்கள். அவர்களிடம் கையைப் பிடித்துச் சொல்ல ஆசை: ஊரின் உயரம் கிழக்கே இருக்கிறது, ஊரின் மனது இங்கே மேற்கே இருக்கிறது. ஒன்றைப் பார்க்கத்தான் நேரம் என்றால் இதைப் பாருங்கள்.

மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு மூன்று மணிவரை அங்கேயே இருந்தோம்.

ஞாயிறு

இன்று தண்ணீர் தேடிய நாள். அப்பாவின் நாள் என்றே சொல்லலாம்.

முதலில் ஜும்மா மசூதி. தலைக்கோட்டை வெற்றிக்குப் பிறகு முதலாம் அலி தொடங்கியது. விரிந்த முற்றம், வெள்ளை வளைவுகள், வரிசை வரிசையாகத் தூண்கள். தரையில் ஒவ்வொருவர் தொழவும் ஒரு கட்டம் வரைந்திருக்கிறது, இரண்டாயிரத்துக்கும் மேல். அது ஔரங்கசீப் காலத்தில் போட்டது. மேற்குச் சுவரின் மிஹ்ராப், அதாவது தொழும் திசையைக் காட்டும் மாடம், பொன்னும் வண்ணமுமாக ஜொலிக்கிறது. அங்கே இருந்த பெரியவர் அப்பாவின் தக்கினியைக் கேட்டுவிட்டு, எந்த ஊர், என்ன வேலை என்று விசாரித்து, திரையை விலக்கிக் காட்டினார். ஆனால் அப்பா காட்டியது வேறு. கும்மட்டத்தின் அடியில் அதே குறுக்கு வளைவுகள்! கோல் கும்பஸுக்கு ஏறத்தாழ எண்பது ஆண்டு முந்தியது இது. "இங்க கை பழகிட்டுத்தான் அங்க போயிருக்காங்க" என்றார். இதைக் கண்டுபிடித்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

மெஹ்தர் மஹால் வழியில்தான். ஒரு மசூதிக்கு முன்னால் உள்ள சின்ன வாயில் மாளிகை. கல்லை மரமென்று நினைத்துச் செதுக்கிய தாங்குகள். நின்று பார்க்க வேண்டும், தெருவில் வண்டிகள் நிற்கவிடுவதில்லை. ஆசார் மஹாலில் நான்கு பெரிய தேக்குத் தூண்களும் முன்னால் ஒரு குளமும். 1646இல் நீதிமன்றமாகக் கட்டியது. பின்னால் நபிகளின் முடி இங்கே வைக்கப்பட்டதால் புனித இடமானது. அருங்காட்சியகத்தில் இங்கிருந்து போன கம்பளங்களும் சீனப் பீங்கானும் பார்த்தோம். மேல்மாடியிலுள்ள பழைய நகரத்தின் வரைபடத்தை அப்பா படம் எடுத்துக்கொண்டார்.

ஏனென்றால் அவர் காலையிலிருந்தே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். மழை குறைந்த கரிசல் பூமி. பக்கத்தில் பெரிய ஆறு இல்லை. கிருஷ்ணா தெற்கே தூரத்தில், பீமா வடக்கே தூரத்தில். இவ்வளவு பெரிய தலைநகரம் எதைக் குடித்தது?

பதில் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. மேற்கே தொர்வியிலிருந்து நிலத்தடிச் சுரங்க வாய்க்கால். பாறையைக் குடைந்து, இடையிடையே மேலிருந்து இறங்கும் துவாரங்கள் விட்டுக் கொண்டுவந்தது. தெற்கே பேகம் தலாப், 1651இல் முகமது ஆதில் ஷா வெட்டிய ஏரி. அங்கிருந்து ஊருக்குள் சுடுமண் குழாய்கள், சுற்றிலும் கட்டுமானத்தில் பொதித்து, ஆழப் புதைத்தவை. நடுநடுவே கஞ்ச் என்கிற சதுரமான நீர்க்கோபுரங்கள். தெருமுனையில் ஒன்றைப் பார்த்ததும் அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். குழாயில் அழுத்தம் அதிகமானால் இங்கே மேலேறித் தணியும், உள்ளே சிக்கிய காற்று வெளியேறும், வண்டல் அடியில் தங்கும். "நாங்க பைப்லைன்ல ஏர் வால்வ் வைக்கிறோமே, அதேதாம்மா" என்றார். தெருவில் போகிறவர்கள் ஏன் இந்த வயதானவர் ஒரு பாழ்ச்சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார் என்று நின்று பார்த்தார்கள். ஒருவர் சேர்ந்தும்கொண்டார். தன் வீட்டுக்குப் பின்னாலும் இப்படி ஒன்று உண்டு என்று கூட்டிப்போனார். அதன்மேல் துணி காய்ந்துகொண்டிருந்தது.

அப்புறம் கிணறுகள். இங்கே பாவடி என்பார்கள். முதலாம் அலி 1579இல் தன் அரசி சாந்த் பீபி பேரில் வெட்டிய சாந்த் பாவடி. இரண்டாம் இப்ராஹிம் காலத்தில், 1620இல், அரசி தாஜ் சுல்தானா பேரில் வெட்டிய தாஜ் பாவடி. இரண்டாவதைக் கட்டியவரும் மாலிக் சந்தல்தான். பெரிய வளைவு, இரண்டு பக்கமும் எண்கோணக் கோபுரம், வளைவைத் தாண்டினால் சதுரமான குளமே விரிகிறது. பக்கத்துக்கு ஏறத்தாழ 68 மீட்டர். இருபுறமும் வழிப்போக்கர் தங்கப் படசாலை. ஓர் அரசியின் பெயரில் ஊருக்கே தண்ணீர்! எனக்கு கல்லறைகளைவிட இந்த நினைவுச் சின்னம் பிடித்தது.

ஆனால் அதன் நிலை வேதனையாக இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் மாவட்ட நிர்வாகம் பாவடிகளைத் தூர்வாரியது, அதனால் இன்று தண்ணீர் தெரிகிறது. ஓரங்களில் மறுபடியும் பிளாஸ்டிக் மிதக்கிறது. ஒரு பக்கம் வளைவின் கற்கள் தளர்ந்திருக்கின்றன. கோல் கும்பஸுக்குப் புல்தரை வெட்ட ஆள் இருக்கிறது, நுழைவுச்சீட்டு இருக்கிறது. அந்த ஊரை வாழவைத்த தண்ணீருக்குக் காவல் போதவில்லை. அப்பா எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ ஏரிக்குக் கரை கட்டியவர். படியில் உட்கார்ந்து, எந்தப் பக்கமிருந்து வரத்து, உபரி எங்கே போகும் என்று தேடிக்கொண்டே இருந்தார். வரத்துக் கால்வாயைச் சீர்செய்தால் இது மறுபடி நிரம்பும், தூர்வாருவதோடு நிறுத்தக் கூடாது என்றார். அதை யாரிடமாவது சொல்ல வேண்டுமென்று, குளத்தோரம் துணி துவைத்துக்கொண்டிருந்த அண்ணனிடம் தக்கினியில் விவரமாகவே சொன்னார். அவரும் துவைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். மழைக்காலத்தில் கிழக்கு மூலையில் ஓர் ஓட்டை வழியாகத் தண்ணீர் கொட்டும் என்று கைகாட்டினார். அப்பா எழுந்து அந்த மூலைக்குப் போனார்.

வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். டிசம்பர், ஜனவரி நல்ல காலம். கோடையில் வெயில் கொளுத்தும். சங்கராந்தியை ஒட்டி சித்தேஸ்வரர் திருவிழா, அப்போது அறை கிடைப்பது கடினம். ஆட்டோவைவிடக் குதிரை வண்டி மெதுவாகப் போகும், இந்த ஊருக்கு அந்த வேகம் போதும். ரொட்டிக்கடைகள் மதியம் மூன்று மணிக்கு மூடிவிடுவார்கள். உலர்திராட்சை வாங்காமல் வராதீர்கள்.

நாளை பாதாமி போவதாகத் திட்டம். ஆனால் தொர்விச் சுரங்க வாய்க்காலின் தலைப்பைப் பார்க்காமல் கிளம்பமாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார். வண்டிக்காரரிடம் காலை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறோம். பாதாமிக்கு மதியப் பேருந்தைப் பார்த்துக்கொள்ளலாம்.